நான் அளக்காத சுவர்

மக்கா,

தினமும் ஃபோனில் பேசிக்கொள்கிற நமக்குள் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய், அதுவும் இவ்வளவு நீளத்துக்கு. பொறுத்துக்கொள். ஃபோனை எடுத்தால் ‘சாப்பிட்டியா, அங்க வெயிலு எப்படி’ என்பதற்கு அப்பால் எனக்கு வாய் போவதில்லை. வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துவிட்டால் அதுவும் வராது. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பது எனக்கு ஒரு தைரியம். இதன் ஒரு பிரதியை நம் சபையின் மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். வீட்டு விஷயத்தை அம்மா ஊருக்குப் படிக்கக் கொடுக்கிறாளே என்று வருத்தப்படாதே. நான் செய்த பிழை அந்தப் பத்திரிகையின் அட்டையிலேயே ஒருமுறை அச்சாகியிருக்கிறது. திருத்தமும் அங்கே வருவதுதான் முறை. ஆனால் அது அச்சுக்குப் போகுமுன் நீ படித்துவிட வேண்டும். அடுத்த வாரம் லீவில் வருகிறாய். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு காரியம் நடக்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே சொல்ல எனக்கு நா எழவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான் என்பதை நீ பெருமையாகச் சொல்லிக்கொள்வாய். எனக்கு அது பெருமையாக இருந்ததைவிடப் பயமாக இருந்ததுதான் அதிகம். தக்கலைச் சந்தையில் வாழைக்குலை விற்றவரின் மகள், நாகர்கோவிலில் சரித்திரம் படித்தேன். மூன்று வருஷத்தில் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அட்டெண்டன்ஸுக்கு ‘பிரசன்ட்’ சொல்வதற்கே நெஞ்சு அடிக்கும். அதற்குப்பின் ஆறு மாதம் கட்டட வரைபடம் வரையும் கோர்ஸ் படித்தேன். அது ஏன் என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால்தான். குனிந்து கோடு போடுகிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். தக்கலையில் ஒரு இன்ஜினியரின் ஆபீஸில் வேலை கிடைத்தது. அங்கே வந்த இரண்டாம் மாதம், இரணியல் பக்கத்துப் பழைய சர்ச்சை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், இடிப்பதற்கு முன் உள்ளது உள்ளபடி வரைந்து வைக்க வேண்டும் என்று கமிட்டி கேட்டது. இன்ஜினியர் என்னை அனுப்பினார். நான் பின்னால் வாழ்க்கைப்படப்போகும் சபை அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த சர்ச்சை நீ பார்த்ததில்லை. வெட்டுக்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கூரை. வெள்ளைக்கார மிஷனரி காலத்தில் நம் ஊர்க் கொத்தனும் ஆசாரியும் கட்டியது. பிரசங்க பீடம் மட்டும் தேக்கு. எட்டுப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கொடி செதுக்கியிருந்தது. திராட்சைக்கொடி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், வேதத்தில் அதுதானே வருகிறது. கிட்டே முழங்காலிட்டுப் பார்த்தபோது அது திராட்சை அல்ல. இலை வெற்றிலையைப் போல இருந்தது, காய்கள் சரம்சரமாகத் தொங்கின. நல்லமிளகுக் கொடி! செதுக்கிய ஆசாரி திராட்சையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். தன் வீட்டுப் பலாவில் ஏறிய கொடியைக் கொண்டுவந்து வேதத்துக்குள் வைத்துவிட்டார். பீடத்தை அடியில் தாங்கிய தேவதூதனுக்கோ காது தோள்வரை தொங்கியது, பாம்படம் போட்டு வளர்த்த காது. அந்தக் கொடிக்கும் அந்தக் காதுக்குமாக நான் மூன்று நாள் செலவிட்டேன். ஒரு மிளகை விடவில்லை.

இன்ஜினியர் படத்தைப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா, நல்லமொளகா? வேதத்துல எங்க மொளகு இருக்கு? திராட்சையா மாத்து” என்றார்.

“அங்க மொளகுதான் சார் இருக்கு” என்றேன்.

ஆபீஸில் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அவர் சிரித்துவிட்டார். “பிள்ளைக்கு வாயி உண்டு கேட்டியா” என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இதை உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கண்டதை வரைய வேண்டும், நினைத்ததை வரையக் கூடாது என்று உனக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அதே வாரத்தில் அதே தாளில் நான் செய்த இன்னொன்றைச் சொன்னதில்லை.

பழைய சர்ச்சில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நான் போன நாட்களில் ஆண்கள் பக்கத்து பெஞ்சுகளில் கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். பேப்பர் படிப்பார்கள், புதுக் கட்டடத்தின் கோபுரம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று வழக்காடுவார்கள், சிலர் தூங்குவார்கள். நான் டேப்பின் நுனியை ஒரு கல்லால் அமுக்கி வைத்துவிட்டு மறுநுனியை இழுத்துக்கொண்டு போவேன். ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார்:

“என்ன பிள்ளே, நாடா புடிச்சு அளக்கிய? சர்ச்சுக்குச் சட்டை தைக்கப் போறியா?”

“ஏலே, சும்மா கெட. பிள்ளைக்கு வெக்கம் வருகு பாரு.”

“வெக்கப்பட்டா வேலை நடக்குமா? இஞ்சயும் வந்து அளக்கட்டு. எனக்க வயித்தையும் சேத்து அளந்தா புதுக் கட்டடத்துல நல்ல வாசலா வைப்பாவ.”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனுஷர்கள் இல்லை, என் அப்பா வயதுக்காரர்கள். ஆனால் அவர்கள் கால்களுக்கிடையே டேப்பை விட்டு, ‘கொஞ்சம் எழும்புங்க’ என்று சொல்ல எனக்கு முடியவில்லை. நாளைக்கு அளக்கலாம் என்று வைத்தேன். மறுநாளும் இருந்தார்கள். நடுவழியில் நின்று அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தேன். பெண்கள் பக்கம் ஐந்து ஜன்னல். ஆண்கள் பக்கம் நான்கு தெரிந்தது, ஐந்தாவது இருக்கவேண்டிய இடத்தில் பாட்டுப் புத்தகங்கள் வைக்கிற பெரிய அலமாரி நின்றது. அதன் பின்னால் ஜன்னல் இருக்கும் என்று முடிவுசெய்தேன். கட்டடம் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே இருக்கும்?

பெண்கள் பக்கத்தை மட்டும் அளந்து டிரேசிங் தாளில் பாதியை வரைந்தேன். நடுக்கோட்டில் தாளை மடித்தேன். பின்னாலிருந்து தெரிந்த கோடுகளை மறுபாதியில் அப்படியே எடுத்தேன். நாலு நாள் வேலை அரை நாளில் முடிந்தது. விரித்துப் பார்த்தால் அழகாகவே இருந்தது. மை போட்டு, அடியில் என் பெயரை எழுதினேன்.

கடைசி நாள், கூரை விளிம்பின் உயரம் பார்க்க வெளியே சுற்றிவந்தேன். ஆண்கள் பக்கத்துச் சுவருக்கு வெளியே சைக்கிள்கள் நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால், அலமாரிக்கு நேர் வெளியே, சுவர்ப்பூச்சு வேறு நிறமாகத் தெரிந்தது. மேலே வளைந்த ஒரு வாசலின் வடிவம். கல் வைத்து அடைத்திருந்தார்கள். மற்ற வாசல்களைப் போல உயரம் இல்லை, அதன் உச்சி ஏறக்குறைய என் தோளுக்கு வந்தது. அடியில் ஒரு கல்படி, நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. உள்ளே போக வழியில்லாத ஒரு படி. நான் சரித்திரம் படித்தவள் மக்கா. படி தேய்ந்திருந்தால் அதில் ரொம்ப நாள் ஆள் ஏறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம். தாளோ மை போட்டுச் சுருட்டி என் கக்கத்தில் இருந்தது. திருத்த வேண்டுமானால், அந்தப் பக்கத்தை நான் அளக்கவேயில்லை என்று இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும். சைக்கிள்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். வெட்கப்பட்டுத்தான் அளக்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் அந்தப் படியைப் பார்ப்பது வரைதான். அதற்குப்பின் செய்தது பொய்.

அடுத்த மாதம் சர்ச்சை இடித்தார்கள். பழைய போட்டோக்கள் எல்லாம் முகப்பையோ, ஆல்தர் என்று நாம் சொல்லும் பலிபீடத்தையோ பார்த்து எடுத்தவை. கல்யாண ஜோடிகளின் தலைக்குப் பின்னால் ஆல்தர் தெரியும். பக்கச் சுவரை யார் எடுப்பார்கள்? மிச்சமானது என் படம் மட்டும். அதைக் கண்ணாடி போட்டுப் புது சர்ச்சின் பக்கத்து ஹாலில் மாட்டினார்கள், பத்திரிகையின் அட்டையிலும் போட்டார்கள். அந்த பெஞ்சில் காலமெல்லாம் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள், தங்கள் பக்கத்தில் ஒரு ஜன்னல் கூடுதலாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பிரதிஷ்டைப் பண்டிகையில் அப்போதைய போதகர் அந்தப் படத்தைக் காட்டிப் பிரசங்கம் செய்தார். “பாருங்கள், இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. நம் முன்னோர் ஆள் பார்த்துக் கட்டவில்லை, எல்லோரையும் சமமாக வைத்துக் கட்டினார்கள்” என்றார். ஆமென் என்றார்கள். என்னை எழுப்பிப் பொன்னாடை போட்டார்கள். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. பெஞ்சின் மேல் ஏறி நின்று கை தட்டினாய்.

நீ இன்ஜினியரிங் முடித்துக் கத்தாருக்குப் போன முதல் வருஷம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாய், நினைவிருக்கிறதா? கட்டி முடித்த கட்டடத்தை உள்ளபடி வரைந்து கையெழுத்துப் போடுவது உன் வேலை. கூரைக்குள் போகும் ஒரு குழாயை நீ பார்க்கவில்லை, மேலதிகாரி சும்மா போட்டுவிடு என்கிறார். “காணாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேம்மா. நீ படிப்பிச்சதாக்கும்” என்றாய். நான் ‘கொள்ளாம் மக்கா, நல்ல காரியம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இனி நீயே அறிந்த நாளுக்கு வருகிறேன். போன தடவை நீ வந்திருந்தபோது, நமக்கு மருமகளாக வரப்போகிற ஜெனிஷாவும் அவள் அப்பாவும் அஞ்சுகிராமத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர் எதைப் பற்றியும் நிபந்தனை பேசவில்லை. “கல்யாணக் கெட்டு நடக்கப்போற சர்ச்ச ஒண்ணு பாத்துட்டுப் போறேன்” என்று மட்டும் கேட்டார். உன் பெரியப்பா சபைச் செயலர் அல்லவா, சாவியோடு முன்னே நடந்தார். ஹாலில் படத்துக்கு முன்னால் ஜெனிஷாவின் அப்பா நின்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரல் படாமல், ஆண்கள் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“இஞ்ச ஒரு சின்ன வாசல் உண்டும்” என்றார். “நாங்க அஞ்சுகிராமத்துக்குப் போறதுக்கு முந்தி இந்த சர்ச்சுதான். எங்க ஆளுவள முன்வாசல் வழியா விடமாட்டாவ. எனக்க அப்பா குனிஞ்சு போவாரு. நான் சின்னப் பய, எனக்குக் குனிய வேண்டாம், நேரா போவேன். அப்பம் எனக்க நெனப்பு என்னன்னா, இது பிள்ளையளுக்குன்னு வச்ச வாசலு, அப்பா எனக்காவ கூட வாறாருன்னு.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உன் பெரியப்பாவும் சிரித்தார்.

“உமக்கு எங்கயோ மாறிப்போச்சு. வேற ஊரு சர்ச்சா இருக்கும். படத்தப் பாரும், வாசல் எங்க இருக்கு? அஞ்சும் ஜன்னலாக்கும்.”

“இல்ல, இஞ்சதான்...”

அப்போது நீ சொன்னாய். உன் மேல் குற்றமில்லை, என்னைக் காக்கத்தான் சொன்னாய். “அங்கிள், இது எங்க அம்மை அளந்து வரைஞ்சது. அம்மைக்க படத்துல ஒரு மில்லிமீட்டர் பெசகாது.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சண்டையாகப் பார்க்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், சொல்லியிருக்கலாம். நான் சேலை முந்தியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “அப்பம் சரி மக்களே” என்றார் உன்னிடம். “படிச்சவிய அளந்து வரைஞ்சா சரியாத்தான் இருக்கும். எனக்கும் வயசாச்சு.” வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள், நல்லபடியாகப் பேசினார்கள், போனார்கள். நீயும் மறந்துவிட்டாய்.

மூன்று வாரத்துக்கு முன் ஜெனிஷா எனக்கு ஃபோன் செய்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிடுகிறேன் என்று பிறகு நானே அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். கல்யாணத்தன்று அப்பாதானே பெண்ணைக் கைப்பிடித்து முன்வாசலிலிருந்து ஆல்தர் வரை அழைத்து வருவது? அவர் மாட்டேன் என்கிறாராம். அவளுடைய அண்ணன் அழைத்து வரட்டும், தனக்கு முழங்கால் வலி என்கிறாராம்.

“மாமி, அப்பாவுக்கு முட்டுவலி ஒண்ணும் இல்ல” என்றாள். “முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னு டிக்கெட் கிழிச்ச ஆளு. இப்பவும் விடியக் காலத்த பால் வாங்க ஜங்ஷன் வரை நடந்துதான் போவாரு. கேட்டா, ‘கெட்டு அண்ணைக்கு நான் வெளிய இருந்து ஆளுவள கவனிச்சுக்கிடுகேன்’னு சொல்லுகாரு.” பிறகு, “அப்பா பொய் சொல்ல மாட்டாரு மாமி” என்றாள். முழங்காலைப் பற்றிச் சொன்னாளா, வாசலைப் பற்றிச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். “இத்தன வருஷம் எனக்க கிட்ட கூடச் சொல்லல்ல” என்றார். அதுதான் அவருக்கு வலித்தது. மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் எதிரில் நான் உட்கார்ந்து பேசியதில்லை. அன்று உட்கார்ந்தேன்.

“அத்தான், அந்தப் படம் தப்பு. ஆண்கள் பக்கம் நான் அளக்கல்ல. அங்க அடைச்ச வாசல் உண்டும். நான் கண்டேன்.”

“இப்பம் எதுக்கும்மா இத கிளறணும்? கல்யாண நேரம். சபைக்குப் பேரு கெட்டுப்போவும்.”

“ஒரு மனுஷனுக்க பேரு எனக்க படத்தால கெட்டுப்போச்சு அத்தான். அவரு இல்லாதத சொன்னாருன்னு நாம எல்லாரும் நின்னு சிரிச்சோம்.”

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “கமிட்டியில வைக்கேன்” என்றார். “ஒத்துக்கிடுவாவளான்னு தெரியாது.” அவர் வாயிலிருந்து அதுவே பெரிது. கமிட்டி என்ன முடிவு செய்தாலும் இந்தக் கடிதம் அச்சாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது புதிதாக ஒரு தாள் வரைந்திருக்கிறேன். பெண்கள் பக்கம் என் பழைய அளவுப் புத்தகத்தில் இருக்கிறபடி. பீடம், மிளகுக்கொடி, நீளக் காது எல்லாம் இருக்கின்றன. ஆண்கள் பக்கம் வெறும் தாள். ‘இந்தப் பக்கம் அளக்கப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் படியை மட்டும், கண்டதால், புள்ளிக்கோட்டில் போட்டிருக்கிறேன். பாதிப் படத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. முழுதாக இருந்ததைவிட இது மேல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

நீ ஒரு வீட்டுக்குத் தலைவன் ஆகப்போகிறாய். புத்திமதி சொல்லுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது நான் தவறிய இடம் ஒன்றுதான். மிளகுக்காக நான் வாதாடினேன், ஏனென்றால் அது யாரையும் சங்கடப்படுத்தவில்லை, எனக்குக் கெட்டிக்காரி என்ற பெயரும் கிடைத்தது. நாம் மெய்யாக இருக்கிறோம் என்று நமக்கே காட்டிக்கொள்ள அப்படிச் சின்னச் சின்ன மிளகுகள் நிறையக் கிடைக்கும் மக்கா. ஜெனிஷா உன்னிடம் அவள் வீட்டார் பட்டதைச் சொல்லும்போது, அதற்கு எதிராக உன் கையில் ஒரு தாளோ படமோ ஆதாரமோ இருந்தால், அந்தத் தாளை எழுதியவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்துக்கொள். அந்த வாசல் வழியாகப் போனவர்கள் படம் வரைந்து வைக்கவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிவைத்தார்கள், அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது.

அவரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். அதை உன் தலையில் வைக்க மாட்டேன். கல்யாணத்தன்று அவர் மகளைக் கைப்பிடித்து நடத்தி வருவாரா, வெளியில் நிற்பாரா என்பதும் அவருடைய இஷ்டம். அதை நாம் கேட்டு வாங்கக் கூடாது. நான் உன்னிடம் கேட்பது வேறு. அன்றைக்கு அவர் வாயை அடைத்தது என் படம், ஆனால் சொல் உன்னுடையது. அதுவும் அவர் மகள் முன்னால். ஆகவே ஊருக்கு வந்ததும், உன் சிநேகிதர்களைப் பார்க்கப் போவதற்கு முன்னால், ஜெனிஷாவைக்கூட கூட்டிக்கொள்ளாமல், தனியாக அஞ்சுகிராமம் போ. அறியாமல் பேசிவிட்டேன் என்று சொல். பிறகு புதுத் தாளை அவர் முன்னால் விரித்து, அந்த வாசல் எங்கே இருந்தது, எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், கதவு உண்டா, உள்ளே போனதும் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேள். கையாலும் காலாலும்தான் அளவு சொல்வார். பொறுமையாகக் கேட்டு, அவர் சொல்கிறபடியே வரைந்து, அடியில் அவர் பெயரை எழுதிக்கொண்டு வா. நீ இன்ஜினியர், பழக்கத்தில் நாக்கில் வந்துவிடும். ‘உறுதியாட்டுத் தெரியுமா மாமா’ என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே.

அம்மா